அசனத்துக்கு ஒரு ஆடு

கசார்வாடி, புனே
13 ஜூன் 1999

அன்புள்ள எப்சி அக்கா,

ஆசேர் குப்புற விழ ஆரம்பித்துவிட்டானா? அத்தான் மாதிரி முறைக்கிறானா, இல்லை அப்பா மாதிரி எதற்கெடுத்தாலும் சிரிக்கிறானா? நீ எழுதாமல் எங்களுக்கு எப்படித் தெரியும்? போனில் பேசலாமென்றால் கீழ்வீட்டு வைஷாலி காக்கு வீட்டுக்குத்தான் நீ கூப்பிடவேண்டும். காக்குவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் யார் அழுகிறார்கள், யார் கோபப்படுகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். அதனால் கடிதமே நல்லது.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். சொல்லப் பயமாக இருக்கிறது. ஆனால் மறைக்கவும் முடியாது. நான் இதை எழுதும்போதே அது மாடிப்படிக்குக் கீழே நின்று கத்திக்கொண்டிருக்கிறது. அம்மா ஆடு வாங்கிவிட்டாள்.

மழைக்கு முன்னால் கொங்கணிலிருந்து திரும்புகிற இடையர்களின் மந்தை ஒன்று நாசிக் பாட்டா பக்கம் தங்கியிருந்தது. அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு குட்டியாக வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, குளம்பைத் தூக்கிப் பார்த்து, காதை விரித்துப் பார்த்து, கடைசியில் ஒரு கறுப்புக் கிடாக்குட்டியைப் பிடித்துவந்தாள். மராத்தியில் ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் எப்படிப் பேரம் பேசினாள் என்று அப்பாவிடம் கேட்டேன். "அந்த ஆளு பயந்துபோய்க் குடுத்துட்டான்" என்றார்.

எதற்கென்று உனக்குத் தெரியும். உனக்குப் பிள்ளையில்லாமல் எட்டு வருஷம் போனபோது, அறுப்பின் பண்டிகை அசனத்துக்கு ஒரு ஆடு தருவதாக அம்மா பொருத்தனை செய்தாள். இப்போது அதை நிறைவேற்றப்போகிறாள். காக்கு வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். பண்டிகை ஆராதனை முடிந்ததும் சபை முழுக்க ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடுவோம், அதற்குப் பெயர் அசனம், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம் என்று விளக்கினேன். "நல்ல தேவன்" என்றார்.

வருகிற அக்டோபரில் பண்டிகை. கொடுத்தவர்களின் பெயரைப் பீடத்துக்கு முன்னால் நின்று வாசிப்பார்கள் அல்லவா? 'ஆசேர், ஒரு ஆடு' என்று வாசிக்கவேண்டுமாம். நீங்கள் மூன்று பேரும் அன்றைக்கு முன்வரிசையில் இருக்கவேண்டுமாம். இதை நான்தான் உனக்கு எழுதவேண்டுமாம். எழுதிவிட்டேன்.

இன்னொன்று. இந்த வருஷம் வாலிபர் வேதபாட வகுப்பைப் போதகர் என் தலையில் கட்டிவிட்டார். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குக் குரல் தொண்டையைத் தாண்டாது என்று அவருக்குத் தெரியும். "பி.காம். படிச்ச பிள்ளை நீ ஒருத்திதான்" என்கிறார். எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட ஆலயம்தான் பாடம். இனிமேல் கட்டப்படப்போகிற ஆலயம் என்கிறார்கள். அதன் வாசலில் பலி அறுப்பதற்கு மேஜைகள் போட்டிருக்கிறது. கிறிஸ்துவோடு பலியெல்லாம் முடிந்துவிட்டது என்றுதானே நமக்குச் சொல்லித்தந்தார்கள்? பிறகு அந்த மேஜைகள் எதற்கு? அத்தானிடம் கேட்டு எழுது.

உன் பியூலா


சாயர்புரம்
25 ஜூன் 1999

பியூலாவுக்கு,

ஆசேர் நன்றாக இருக்கிறான். குப்புற விழுகிறான். சிரிக்கிறான். அதை அம்மாவிடம் சொல். அடுத்ததையும் சொல்.

என் பிள்ளை பெயரில் ஆடு வெட்டக் கூடாது.

நீ நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பாய் என்று தெரியும். ஆனாலும் உனக்குத்தான் எழுதமுடியும். அம்மா இங்கே வந்திருந்தபோது என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. பிள்ளைக்கு நாற்பது நாள் ஆனபோது எங்கள் சபைக் கூடுகையில் அவனைக் கர்த்தருக்கென்று ஒப்புக்கொடுத்து ஜெபித்தார்கள். எங்கள் சபையில் பீடம் கிடையாது, பண்டிகை கிடையாது, அசனமும் கிடையாது. நடுவில் ஒரு மேஜை, அதில் அப்பமும் திராட்சரசமும், அவ்வளவுதான். ஜெபம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா சத்தமாகச் சொன்னாள்: "எட்டு வருசமா நீங்க எல்லாரும் கண்ணை மூடிட்டு ஜெபிச்சீங்க, ஒண்ணும் நடக்கல. நான் ஒரு ஆடு சொன்னேன். பிள்ளை வந்துட்டு."

உன் அத்தான் அந்தச் சபையில் மூப்பர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊரில் யாரும் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அன்றைக்குக் கையில் காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றார். அந்த எட்டு வருஷத்தில் ராத்திரி ராத்திரியாக என் பக்கத்தில் முழங்காலில் நின்றது அவர்தான், அம்மா இல்லை. நான் அம்மாவைப் பார்த்து, "ஆட்டைக் குடுத்து வாங்குன பிள்ளையா இவன்? இனி இந்தப் பேச்சை எடுத்தா என் வீட்டு வாசல மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அம்மா கிளம்பிவிட்டாள். நானும் தடுக்கவில்லை.

ஒரே பலி. ஒரே தரம். அதற்குமேல் ஒரு ஆடு கொடுத்தால், முதலில் கொடுத்தது போதாது என்று அர்த்தம். அவன் பெயரை அங்கே வாசித்தால் நான் புனே பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

உன் மேஜைக் கேள்வியை அவரிடம் சொன்னேன். "நல்ல கேள்வி" என்றார். ஆசேர் அழுதான், நான் எழுந்து போய்விட்டேன்.

எப்சி


கசார்வாடி
22 ஆகஸ்ட் 1999

அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தாலும் உன் கடிதம் என்றால் நான்தான் வாசிக்கவேண்டும். நடுவில் சில வரிகளை விட்டுவிட்டு வாசித்தேன். "என்னட்டி, தாளு இவ்வளவு பெரிசா இருக்கு, சேதி இவ்வளவுதானா?" என்று வாங்கிப் பார்த்தாள். பிறகு ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

அம்மா சொன்னதை நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். தப்புதான். அத்தானிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீ வாசல் மிதிக்காதே என்று சொன்னதை அம்மா இங்கே யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அப்பாவிடமும்கூட. "குழந்தைக்கு என் மூக்கு" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் எங்கள் சபையில் மூன்று நாள் தீர்க்கதரிசனக் கூட்டம் நடந்தது. மராத்தி ஆராதனை முடிந்த பிறகுதான் கோவில் நமக்குக் கிடைக்கும், அதனால் எல்லாம் சாயங்காலம்தான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். சுவர் அளவுக்கு ஒரு துணிப்படம். ஆதாம் ஒரு ஓரம், நித்தியம் மறு ஓரம், நடுவில் வட்டம் வட்டமாகக் காலங்கள். எருசலேமில் ஆலயம் மறுபடி எழும்பும், ஆசாரியர்கள் மறுபடி பலியிடுவார்கள், அந்திக்கிறிஸ்து வந்து தானியேல் சொன்னபடி அன்றாடபலியை நடுவிலே நிறுத்துவான், பிறகு கர்த்தர் வந்து ஆயிரம் வருஷம் ஆளுவார், அப்போது எசேக்கியேல் கண்ட ஆலயம் வரும் என்று ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அந்த ஆலயத்தின் சுத்திகரிப்புக்கு வேண்டிய ஒரு சிவப்புக் கிடாரிக்காகவே ஒரு மணி நேரம் பேசினார். இரண்டாயிரம் பிறக்கப்போகிறது என்பதால் கூட்டம் தாங்கவில்லை. லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள்.

வாசலில் கேள்விப்பெட்டி வைத்திருந்தார்கள். பெயர் போடவேண்டாம் என்றார்கள். எனக்கு அதுதானே வசதி? எழுதிப் போட்டேன். 'பலி முடிந்துவிட்டது என்றால் வரப்போகிற ஆலயத்தில் பலி ஏன்? இன்று ஒருவர் நேர்ந்துகொண்ட ஆட்டை அசனத்துக்குக் கொடுத்தால் அது தவறா?' ஆனால் கையில் வேறு தாள் இல்லாமல் ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதிவிட்டேன். பிரசங்கியார் கடைசி நாளில் அதைக் கையில் உயர்த்திப் பிடித்து வாசித்தார். முன்பக்கத்தில் எங்கள் வால்வு கம்பெனியின் பெயர் பட்டையாகத் தெரிந்தது. அந்தக் கம்பெனியில் வேலைபார்க்கிற ஆள் இந்தச் சபையில் நான் ஒருத்திதான். எனக்குப் பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்ததை நான் முதுகாலேயே கேட்டேன்.

அவர் சொன்ன பதில்: அந்தப் பலிகள் பாவத்தைப் போக்குவதற்கு அல்ல, சிலுவையை நினைவுகூருவதற்கு. நாம் அப்பம் பிட்கிறோமே, அதைப்போல. நேர்ந்த ஆட்டைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மணியாகிவிட்டது, ஜெபித்து முடிப்போம் என்றார்.

அம்மா முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் எல்லார் முன்னாலும், "கேட்டியா? எருசலேம்ல ஆயிரம் வருசம் ஆடு வெட்டலாமாம். கசார்வாடியில ஒரு ஆடு வெட்டக் கூடாதாம். இதை உன் அக்காவுக்கு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். என்மேல் கோபப்படாதே.

பியூலா


சாயர்புரம்
6 செப்டம்பர் 1999

ஏட்டி பியூலா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாது என்று இருந்தேன். கம்பெனித் தாளில் எழுதிப் போட்டாயே, நீ பட்டம் வாங்கி என்ன பிரயோஜனம்?

உனக்கு ஒன்று தெரியுமா? அந்தத் துணிப்படம் மாதிரியே ஒன்று எங்கள் வீட்டில் பீரோவுக்குமேல் சுருட்டி வைத்திருக்கிறது. அத்தான் வாலிப நாளில் கையாலே வரைந்தது. வட்டமெல்லாம் காம்பஸ் வைத்துப் போட்டது, அவ்வளவு சுத்தம். ஆயிரம் வருஷ அரசாட்சியில் நினைவுக்காகப் பலி உண்டு என்பது எங்கள் சபை போதனைதான். நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது எனக்கு எங்கேயோ இருக்கிற ஊரில், எப்போதோ நடக்கப்போகிற காரியம். அம்மாவின் ஆடு என்று தோன்றவே இல்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் கேட்டேன். "அங்க நினைவுகூருதலுக்கு ஆடு சரின்னா, எங்க அம்மா ஆடு மட்டும் எப்படித் தப்பாச்சு?" அவர் படத்தை எடுத்து விரித்து, அது இஸ்ரவேலுக்கு, இது சபைக்கு, இரண்டையும் குழப்பக் கூடாது என்று ரொம்ப நேரம் விளக்கினார். ஆசேர் படத்தின்மேல் தவழ்ந்துபோய் எருசலேமை எச்சில் பண்ணினான். நான், "அப்ப நினைவுக்கு அப்பம் மட்டும் போதாதா? எதுக்கு ஆடு?" என்றேன். அவர் மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோனார். தொட்டி வழிந்தும் வரவில்லை. அங்கே போய்ப் பார்த்தால் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் நான் சொன்னதை மாற்றவில்லை. படத்தில் எந்த வட்டத்தில் இருந்தாலும், இவன் ஆட்டுக்குக் கிடைத்த பிள்ளை இல்லை. அதை அம்மா ஒத்துக்கொள்ளட்டும். நாங்கள் அங்கே வந்து, சபை முழுக்கத் திரும்பிப் பார்க்க, என் பிள்ளை பெயரைக் கேட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்?

ஆசேருக்கு அம்மா மூக்கு என்று சொன்னாளா? நெற்றியும்தான்.

எப்சி


கசார்வாடி
19 செப்டம்பர் 1999

அக்கா,

இந்தக் கடிதத்தை நிதானமாக வாசி. நான் யோசித்து எழுதுகிறேன்.

வகுப்புக்காகப் பழைய ஆலயத்துப் பலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்தேன். ரஞ்சன்காவ் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பையன்கள் ஷிப்டு முடிந்து வருவார்கள், பாதி வகுப்பில் தூங்கிவிடுவார்கள். அவர்களை எழுப்புவதற்காகவே, "எந்தப் பலியில் யாருக்குச் சாப்பாடு?" என்று கேட்டேன். உடனே எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். சேர்ந்து தேடினோம். சர்வாங்க தகனபலி என்றால் முழுவதும் எரிந்துபோகும், யாருக்கும் கிடையாது. பாவநிவாரணபலியைக் கொண்டுவந்தவன் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடமுடியாது. சமாதானபலி ஒன்றில்தான் கொண்டுவந்தவன் தன் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். அதில் பாவத்தைப்பற்றிய பேச்சே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேராகக் கேட்டேன். இத்தனை நாளும் நம்மில் யாரும் அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை, கவனித்தாயா? "அம்மா, இந்த ஆடு எதுக்கு? பிள்ளைக்கு விலையா?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "விலையா? பிள்ளைக்கு யாருட்டி விலை குடுக்க முடியும்? பாவத்துக்கு ஆண்டவர் இருக்காரு. இது சந்தோசத்துக்கு. சந்தோசம் வந்தா நாலு பேருக்குச் சோறு போடாம என்ன மனுசி நானு?"

"அப்ப அன்னைக்கு அத்தான்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கொஞ்ச நேரம் உரித்தாள். "அங்க எல்லாரும் படிச்சவங்க. எல்லாரும் வசனம் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. வாயில வந்தது அதுதான்" என்றாள். அப்புறம், "மாப்பிள்ளை முகம் எனக்கு இப்பவும் நிக்குது" என்றாள். வெங்காயத்துக்கு வந்த கண்ணீரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

இப்போது கேள். ஆசேர் பெயரை வாசிக்கமாட்டார்கள். அம்மாவே சொன்னாள்: "நேர்ந்தது நானு. அவனா நேர்ந்தான்? எம் பேரைப் போடு." போதகர் வீட்டில் போய் ஞானவடிவு என்று எழுதிக்கொடுத்தேன். "யாரம்மா இது, புதுசா வந்தவங்களா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக அம்மா அவருக்கு எப்சி அம்மாதான்.

ஆடு வெட்ட ரஃபீக் பாயிடம் சொல்லியிருக்கிறது. ஆம்பூர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். வந்து ஆட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பக்ரீத் குர்பானி மாதிரியாம்மா?" என்றார். அம்மா, "இல்ல பாய், இது அசனம்" என்றாள். "என்ன வித்தியாசம்?" "நாங்க எல்லாருமா உக்காந்து சாப்பிடுவோம்." "நாங்க மட்டும் என்ன, ஒளிஞ்சிக்கிட்டா சாப்பிடுறோம்?" அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா, ஏசாயாவில் ஒரே வசனத்துக்குள் எப்சிபாவும் பியூலாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றுதானே அப்பா நமக்கு இந்தப் பெயர் வைத்தார்? ஒரே வசனத்தில் இருந்துகொண்டு நான் இவ்வளவு கெஞ்சவேண்டியிருக்கிறது. அக்டோபர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. வா.

பியூலா


சாயர்புரம்
2 அக்டோபர் 1999

பியூலா,

வருகிறோம். பூஜை விடுமுறையோடு அவர் லீவு சேர்த்துப் போட்டுவிட்டார். மெட்ராஸில் தாதர் வண்டி ஏறுகிறோம். சனிக்கிழமை சாயங்காலம் புனே வந்துவிடும்.

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். வெங்காயம் உரித்த இடத்தை இரண்டு தடவை வாசித்தார் என்று நினைக்கிறேன், அந்தப் பக்கத்தைத் திருப்ப ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "டிக்கெட் போடுவோம்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அசனத்தில் நாங்கள் உட்காரமாட்டோம். அதை இப்போதே சொல்லிவிடு, அங்கே வந்து அம்மா முகம் வாடக் கூடாது. எங்கள் சபையில் பண்டிகைச் சாப்பாடு சாப்பிடுவதில்லை. அவர் மூப்பர், அவரை நான் சங்கடத்தில் விடமுடியாது. எங்களுக்கு ஒரு ரசமும் உருளைக்கிழங்கும் வைத்தால் போதும்.

ஆசேருக்குக் குளிருமா? ஸ்வெட்டர் எடுத்துவரவா?

எப்சி


கசார்வாடி
7 நவம்பர் 1999

அக்கா,

நீங்கள் போனபிறகு வீடு ரொம்பப் பெரியதாகிவிட்டது. காக்கு தினமும், "எங்கள் ஆசேர் எப்போது வருவான்?" என்று கேட்கிறார். அவன் எறிந்த ஸ்பூன் இன்னும் பீரோவுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. அப்பா எடுக்கவிடமாட்டேன் என்கிறார்.

நீ பார்க்காத இரண்டு காரியங்களை எழுதவேண்டும்.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமை. சோலாப்பூருக்கு அந்தப்பக்கம் தண்டவாளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது, வண்டி வராது என்று அப்பா சனிக்கிழமை ராத்திரி ஸ்டேஷனிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார். பண்டிகைக்கு மட்டும் மராத்தி சபையார் கோவிலைக் காலையிலேயே விட்டுக்கொடுப்பார்கள், அதனால் காலையில் போனோம். பெயர் வாசிக்கிற செயலாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. போதகர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் விடவில்லை. நான்தான் பீடத்துக்கு முன்னால் நின்று வாசித்தேன் அக்கா. 'ஞானவடிவு, ஒரு ஆடு' என்று வந்ததும் என் குரல் எனக்கே தெரியாதபடி உரக்க வந்தது. எல்லாரும் யார் யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தானும் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

அசனத்தில் அம்மா பந்திக்குப் பந்தி குழம்பு ஊற்றினாள். அவள் உட்காரவே இல்லை. நேர்ந்தவர்களுக்கென்று கொடுத்த கறியைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சூடுபண்ணி மூடிவைத்தாள். "சாப்பிடுங்கம்மா" என்றேன். "பிள்ளைங்க வரட்டும்" என்றாள். "அவங்கதான் சாப்பிடமாட்டாங்களே." "சாப்பிட வேண்டாம். வரட்டும்."

இரண்டாவது, திங்கட்கிழமை சாயங்காலம். நீங்கள் வந்து சேர்ந்தபோது ஆசேருக்கு உடம்பு அனலாக இருந்தது. நீ அம்மாவின் தோளில் ஒரு நிமிஷம் முகத்தை வைத்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அத்தான் சொல்லியிருக்கமாட்டார்.

அவர் கைகால் கழுவிவிட்டு அடுக்களைக்கு வந்தார். அம்மா அவருக்காக ரசத்தை இறக்கிவைத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் அந்தச் சட்டியைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவசரமாகத் தட்டை எடுத்து மூடினாள். அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் பிறகு முதல்முதலாக எதிரெதிரே நிற்கிறார்கள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாமா என்று இருந்தது. உருளைக்கிழங்கு நறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"நேத்து அசனத்துக் கறியா அத்தை?" என்றார்.

"ஆமா மாப்பிள்ளை. உங்களுக்கு வைக்கல. உங்களுக்கு ரசம் தனியா, புதுச் சட்டியில வச்சிருக்கேன்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

அம்மா மூடிய தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். நான்தான் மெதுவாக, "ஒரு வாய்கூடச் சாப்பிடல அத்தான்" என்றேன்.

அவர் கணக்கு வாத்தியார் குரலில் சொன்னார்: "ஆலயத்துல ஸ்தோத்திரபலின்னா அன்னைக்கே சாப்பிட்டு முடிக்கணும், விடியறவரைக்கும் வைக்கக் கூடாது. பொருத்தனைன்னா அப்படி இல்ல. மறுநாளும் சாப்பிடலாம். மூணாம் நாள்தான் கூடாது." அம்மா கரண்டியைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் பாஸா பெயிலா என்று கேட்கக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. அவர், "இன்னைக்கு ரெண்டாம் நாள் அத்தை" என்று சொல்லிவிட்டு, மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்களும் உக்காருங்க. நேர்ந்தவங்க சாப்பிடாம இருந்தா அது பொருத்தனையே இல்ல."

அம்மாவுக்கு மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து பழக்கமில்லை. அப்பா வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பரிமாறியது நான். மூன்று வாய் சாப்பிட்டபிறகு அம்மா தலையைக் குனிந்துகொண்டே, "அன்னைக்கு நான் பேசுனது தப்பு மாப்பிள்ளை" என்றாள். அத்தான், "உப்பு சரியா இருக்கு அத்தை" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினார்.

உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக யோசித்தேன். அத்தானை மாட்டிவிட்டதாக நினைக்காதே. நீ தெரிந்துகொள்ளாமல் இருந்தால் அது எனக்குத்தான் பாரம்.

பியூலா


சாயர்புரம்
18 நவம்பர் 1999

ஏட்டி,

எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? அன்று ராத்திரி ஆசேரைப் பார்க்க அவர் குனிந்தபோதே மசாலா வாசனை வந்தது. நம் வீட்டு ரசத்தின் வாசனை எனக்குத் தெரியாதா? நான் ஒன்றும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கூடுகையில் அவரே எழுந்து, புனேயில் மாமியார் வீட்டில் அசனத்துக் கறி சாப்பிட்டேன் என்று சொன்னார். எங்கள் பெரியவர் சேஷையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கறி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அத்தோடு சரி. நான் என்னவெல்லாமோ பயந்திருந்தேன்.

ஆனால் உன் கடிதத்தை வாசித்தபிறகு நான் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்கிறேன். இதை உன் அத்தானுக்கு எழுதாதே, போனிலும் சொல்லாதே.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஆசேருக்குக் காய்ச்சல் விட்டது. வேர்த்துக் கொட்டி, கண்ணைத் திறந்து சிரித்தான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தேன். அம்மா அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எனக்கு இரண்டு நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. உயிர் போகிற பசி. சட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் சுண்டிப்போய்க் கொஞ்சம் அசனத்துக் கறியும் குழம்பும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதைத் தாங்கம்மா" என்றேன்.

அம்மா தயங்கினாள். "இன்னைக்கு மூணாம் நாளு" என்றாள், தனக்குள்ளே பேசுகிற மாதிரி. கெட்டுப்போயிருக்கும் என்கிறாளோ என்று நினைத்து, "கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். என் முகத்தையும் சட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "கெடல. நல்லாத்தான் இருக்கு" என்றாள். பழைய சோற்றை அந்தச் சட்டியிலேயே போட்டு வழித்துப் பிசைந்து, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, எனக்கு உருண்டை பிடித்து ஊட்டினாள். சட்டி காலியாகும்வரை ஊட்டினாள்.

முந்தின நாள்தான் மாப்பிள்ளை வாயால் சட்டம் கேட்டிருக்கிறாள். தெரிந்தேதான் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது உன் கடிதம் வந்தபிறகுதான் புரிந்தது.

நேற்று அவர் பள்ளிக்கூடம் போனபிறகு வேதாகமத்தை எடுத்து அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். மூன்றாம் நாளில் சாப்பிட்டவர்கள் அந்த அக்கிரமத்தைத் தாங்களே சுமக்கவேண்டுமாம்.

சுமக்கிறேன். ஒன்றும் கனமாக இல்லை.

எப்சி